கவிழ்ந்த பறிக்கு ஒரு கைப்பிடி

இப்போது படகு நகராது அம்மா. டிக்கெட் கொடுத்துவிட்டார்கள் என்பதற்காக ஆறு கேட்குமா? இது வற்றம். கடல் தன் தண்ணீரைத் திரும்ப இழுத்துக்கொள்கிற நேரம். மறுபடி ஏற்றம் வந்து, அதோ அந்தச் சுரபுன்னை வேரெல்லாம் பாதிக்கு மேல் முழுகினால்தான் படகு தரை தட்டாமல் போகும். அதுவரைக்கும் இந்த நிழலில் உட்காருங்கள். அந்த மரத்தில் மட்டும் சாய வேண்டாம். அது தில்லை. இலையைக் கிள்ளினால் பால் வரும். கண்ணில் பட்டால் கண் போய்விடும். தெரியாமல் வருகிறவர்கள் அதன் கீழேதான் முதலில் போய் நிற்கிறார்கள்.

நான் யாரிடமும் வலியப் போய்ப் பேசுகிறவள் இல்லை. எங்கள் கண்டல்மேட்டில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், 'பூங்காவனமா, அது வாயத் தொறக்காதே' என்பார்கள். ஆனால் நீங்கள் திண்டிவனத்திலிருந்து வந்ததாகப் படகுக்காரனிடம் சொன்னது காதில் விழுந்தது. அங்கேதான் என் மருமகன் இருக்கிறார், காத்தவராயன் என்று. ரைஸ்மில்லில் வேலை, மில்லுக்குப் பின்னாலேயே வீடு. என் பேத்தி கோகிலா அவரிடம்தான் வளர்கிறாள். பத்து வயது ஆகிறது. வருகிற லீவுக்கு அவளை என்னிடம் அனுப்பச் சொல்ல வேண்டும். நான் கேட்டால் அனுப்ப மாட்டார். உங்களைப் போலப் படித்தவர்கள் போய் எடுத்துச் சொன்னால் தட்ட மாட்டார் என்று நினைக்கிறேன். அதற்காகத்தான் வந்து உட்கார்ந்தேன். வேறு ஒன்றும் இல்லை.

ஏன் அனுப்ப மாட்டார் என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்கத்தானே வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுக்கொண்டு தூது போகக் கூடாது. அவர் பக்கத்தையும் நானே சொல்லிவிடுகிறேன். கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன்.

அதோ, அந்த வளைவில் பாருங்கள். தண்ணீருக்கு மேலே கறுப்பாகத் தெரிகிறது இல்லையா, அதெல்லாம் தலைகள். எங்கள் பெண்கள். ஏழு பேர். இல்லை, எட்டு, வேர் மறைவில் ஒருத்தி இருக்கிறாள். இரண்டு நாளாகக் காய்ச்சல், இல்லாவிட்டால் நானும் அங்கேதான் இருப்பேன். வலை கிடையாது, தூண்டில் கிடையாது. தண்ணீருக்குள் முழங்கால் போட்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டே போக வேண்டும். வற்றத்தில் இறால் சேற்றில் பதுங்கும். விரலில் பட்டதும் அமுக்கிப் பிடித்துப் பறிக்குள் போட வேண்டும். பறி என்பது பனையோலையில் முடைந்த சின்னக் கூடை. இரண்டு கையும் வேலையில் இருக்கிறதே, பறியை எதனால் பிடிப்பது? பல்லால்தான். அதன் விளிம்பைக் கடித்துக்கொண்டால் மோவாய்க்குக் கீழே மிதந்துகொண்டு வரும்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். வருகிறவர்கள் எல்லோரும் சிரிப்பார்கள், போட்டோ எடுப்பார்கள். பரவாயில்லை. ஆனால் ஒன்று புரிந்ததா உங்களுக்கு? பறி பல்லில் இருக்கிற வரைக்கும் பேச முடியாது. வாயைத் திறந்தால் பறி கவிழும், அதுவரை பிடித்த அத்தனையும் தண்ணீருக்கே போய்விடும். அதனால் வரிசையில் யாரும் பேச மாட்டோம். கண்ணால் காட்டுவோம், தலையை அசைப்போம், அவ்வளவுதான். கரை ஏறிய பிறகு பேசுவார்கள் பாருங்கள், காது வலிக்கும். முக்கியமாக அந்தக் கிளியம்மா. தண்ணீருக்குள் அடக்கி வைத்ததை எல்லாம் சேர்த்து வைத்துப் பேசுவாள்.

எனக்கு ஒரே பெண், வேம்பு. அவள் கல்யாணம் ஆனதும் மருமகன் இங்கேயே வந்து இருந்தார். ஊர்நாட்டுக்காரர், ஆறும் கடலும் இல்லாத பக்கம், நீந்தத் தெரியாது. சேற்றில் கால் வைத்தால் செருப்பைத் தொலைப்பார். ஆனால் நல்ல மனுஷன், நான் குறை சொல்ல மாட்டேன். வேம்பு தண்ணீரில் இருக்கிற நேரம் முழுக்கக் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கரையிலேயே நிற்பார். 'உம் புருஷன் காவல் நாய் மாதிரி நிக்கறான்டி' என்று கிளியம்மா கேலி செய்வாள். 'காவலுக்கு நிக்கறவரு நாயா இருந்தா என்னா, நரியா இருந்தா என்னா, உனக்கு யாரு நிக்கறா?' என்று வேம்பு திருப்பிக் கொடுப்பாள். வாய்த் துடுக்கு அதிகம். அவள் அப்பன் வழி அது. என் வழி இல்லை.

அந்த வாய்தான் எனக்குக் கவலை. தண்ணீரில் எப்படி அடங்கும்?

குழந்தைக்கு நாலு வயது ஆன வருஷம் மழை சரியாக இல்லை. மேலே இருந்து நல்ல தண்ணீர் வராவிட்டால் எங்கள் ஆறு ஆறாக இருக்காது, கடலின் வாலாகிவிடும். உப்பு ஏறி, அலையாத்தி இலையெல்லாம் வெளுத்துப் போயிருந்தது. இறால் வழக்கமான இடத்தில் இல்லை. ஓடை ஓடையாக உள்ளே தேடிக்கொண்டு போனோம். கடலில் இருக்க வேண்டியதெல்லாம் உள்ளே வந்திருந்தது. ஜெல்லி மீன் வந்தது, திருக்கை வந்தது. ஒரு நாள் முழுக்கத் தடவினால் பறி பாதிகூட நிரம்பாது.

அப்படி ஒரு நாள் வேம்பு விரலை நண்டு கவ்விவிட்டது. நண்டு கவ்வுவது ஒரு சங்கதியா அம்மா? எனக்கு எத்தனை தரம் கவ்வியிருக்கும். அவள் என்ன செய்தாள் தெரியுமா? 'ஐயோ யம்மா!' என்று ஒரே கத்தல். காட்டில் இருந்த கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தது. பறி கவிழ்ந்தது. போச்சு. அவ்வளவும் போச்சு. பெண்கள் பறியைக் கையில் எடுத்துக்கொண்டு சிரிக்கிறார்கள். 'பூங்காவனம் பொண்ணு ஆத்துக்கே விருந்து வச்சிட்டாடி!' என்று கிளியம்மா சொல்கிறாள்.

எங்களில் ஒரு வழக்கம் உண்டு. பறி கவிழ்ந்துவிட்டால் வரிசையில் இருக்கிற மற்ற பெண்கள் ஆளுக்கு ஒரு கைப்பிடி இறால் அவள் பறியில் போடுவார்கள். யாருக்கும் ஒரு நாள் கவிழும் இல்லையா, அதனால். அன்றைக்கும் கிளியம்மாதான் முதலில் கையை நீட்டினாள். நான் தடுத்துவிட்டேன். 'போடாதீங்க. போட்டா இவளுக்குப் புத்தி வராது' என்றேன். கிளியம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். 'உம் பொண்ணுதானே பூங்காவனம்' என்றாள். என் பெண் என்பதால்தான் சொன்னேன். அடுத்தவர் பெண்ணுக்குச் சொல்வேனா?

வேம்பு வெறும் பறியோடு கரை ஏறினாள். துடுக்காக ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து மாப்பிள்ளை, 'என்னா அத்தை, இவளுக்கு யாரும் போடலியா?' என்று கேட்டார். நான் காரணத்தைச் சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊர்நாட்டுக்காரருக்கு என்ன புரியும்?

பலன் இருந்தது அம்மா, அதைச் சொல்ல வேண்டும். அதன் பிறகு வேம்பு ஒரு தரம்கூடப் பறியை விடவில்லை. சிப்பி கீறினாலும் விட மாட்டாள், கெளுத்தி முள் ஏறினாலும் விட மாட்டாள். மற்றவர்கள் வேலை முடிந்து பறியைக் கையில் எடுத்த பிறகும் அவள் பல்லிலேயே வைத்திருப்பாள். 'பாத்தீங்களா?' என்று நான் எல்லோரிடமும் சொன்னேன். பெருமையாக இருந்தது. வாய்த் துடுக்கும் குறைந்துபோனது. கரையிலேயும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

பங்குனி மாதம் அது. வரிசையில் என் பக்கத்து இடம் அவளுக்கு. கையை நீட்டினால் தொட்டுவிடலாம், அவ்வளவு கிட்டே. அன்றைக்கு இறால் நன்றாக இருந்தது. அந்த வருஷத்தில் அப்படி ஒரு நாள் அதற்கு முன்னால் வரவில்லை. ஒரு வேர்க் கூட்டத்தைச் சுற்றித் தடவிக்கொண்டிருந்தோம். வேம்பு சட்டென்று நின்றாள். வலது கையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

அவள் வாயிலும் பறி, என் வாயிலும் பறி. அவள் என்ன கேட்க, நான் என்ன சொல்ல? வரிசை முன்னால் நகர்கிறது. நடுவில் ஒருத்தி நின்றுவிட்டால் இறால் அந்த இடைவெளியில் ஓடிவிடும். நான் தலையை அசைத்தேன், 'நட' என்று. கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு கையைத் தண்ணீருக்குள் விட்டாள். நடந்தாள்.

ஏற்றம் திரும்புகிற வரைக்கும் தடவினாள் அம்மா. அன்றைக்கு அவள் பறிதான் எல்லோருடையதையும் விட நிறைவு. அதை நான் இன்றைக்கும் சொல்லுவேன்.

கரை ஏறியதும் 'யம்மா, தாடை வலிக்குது' என்றாள். அவள் என்னிடம் கடைசியாகத் தெளிவாகச் சொன்னது அதுதான். தாடை வலி எங்களுக்குப் புதிதா? நாள் முழுக்கப் பறியைக் கடித்தால் தாடை வலிக்காமல் என்ன செய்யும்? 'எனக்குந்தான் வலிக்குது' என்றேன். வீட்டுக்குப் போய் உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தேன். சோறு பிசைந்து வைத்தேன். வாய் திறக்கவில்லை, மென்று சாப்பிட முடியவில்லை. கஞ்சி ஆக்கிக் கொடுத்தேன், அதுவும் ஓரத்தில் வழிந்தது. உடம்பெல்லாம் வலி என்று கையால் காட்டினாள். அதுவும் சகஜம்தான், அவ்வளவு நேரம் தண்ணீரில் இருந்தால். படுக்க வைத்தேன்.

அன்றைக்கு வெளியூர் போயிருந்த மாப்பிள்ளை சாயங்காலம்தான் வந்தார். குனிந்து பார்த்தார். 'இவ கண்ணு ஏன் பாதி மூடியிருக்குது?' என்றார்.

'தூக்கம். அசதி. வுடுங்க, தூங்கட்டும்.'

'தூங்கல அத்தை. என்னைப் பாக்கறா. பாக்கறா, ஆனா எமை தூக்க முடியல.'

அவர் பிறகு என் பேச்சைக் கேட்கவில்லை. அவளை அப்படியே தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, அந்தச் சேற்றில் செருப்பில்லாமல் ஓடினார். டவுன் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்துப் போனோம். டாக்டர் சின்னப் பையன், நல்ல பொறுமை. டார்ச் அடித்துப் பார்த்தார். 'தண்ணியில ஏதாவது கடிச்சுதாம்மா? பாம்பு, கீம்பு?' என்று கேட்டார்.

'இல்லீங்க' என்று சொன்னேன்.

'நல்லா யோசிச்சு சொல்லுங்க. கடல் பாம்பு கடிச்சா வலியே தெரியாது சில பேருக்கு.'

'நான் பக்கத்துலயேதான் இருந்தேன். ஒண்ணும் கடிக்கல. கடிச்சிருந்தா சொல்லியிருப்பா.'

பொய் சொல்லவில்லை அம்மா நான். எனக்குத் தெரிந்ததைத்தானே சொல்ல முடியும்? பாம்பு கடித்தால் எந்தப் பெண் வாயைத் திறக்காமல் இருப்பாள்? நண்டுக்கே காடு அதிரக் கத்தினவள்.

வேம்பு படுக்கையில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பல் கிட்டியிருந்தது, பேச்சு இல்லை. ஆனால் வலது கையை எடுத்தாள். அது மெதுவாக மேலே வந்தது. டாக்டர் பக்கம் நீட்டினாள். எனக்கு மனசு தாங்கவில்லை. அந்தக் கையை எட்டி என் இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டேன். குழந்தையைப் பற்றித்தான் கேட்கிறாள் என்று தெரிந்தது. பெற்றவளுக்குத் தெரியாதா? 'கோகிலாவ நான் பாத்துக்கறேன், நீ தூங்கு' என்றேன். கையை இழுத்தாள். நான் விடவில்லை. டாக்டர் ஊசி போட வந்தபோதுகூட இடது கையில் போடுங்கள் என்று சொன்னேன். அவள் உயிர் போகிற வரைக்கும் அந்தக் கை என் கைக்குள்தான் இருந்தது. அந்த ஒரு ஆறுதல் எனக்கு உண்டு.

தண்ணீர் வேண்டுமா? கிளியம்மா குடத்தில் வைத்திருக்கிறாள், நல்ல தண்ணீர்தான்.

அடக்கம் பண்ணக் குளிப்பாட்டுகிறபோது மாப்பிள்ளை அந்தக் கையைப் பிரித்துப் பார்த்தார். கட்டை விரலுக்கும் சுட்டு விரலுக்கும் நடுவில் இரண்டு புள்ளி இருந்தது. சின்னதாக, முள் குத்தின மாதிரி. எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். என்னிடமும் கொண்டுவந்து காட்டினார். நான் என் கையைக் காட்டினேன். இதோ, நீங்களும் பாருங்கள். இது சிப்பி, இது கெளுத்தி, இது என்னவென்றே தெரியாது. எங்கள் கையில் புள்ளிக்கா பஞ்சம்?

அவர் அப்போது சொன்ன வார்த்தையைத்தான் நான் உங்களிடம் சொல்ல வந்தேன். ஊர் முன்னால் சொன்னார். 'கவுந்த பறிக்கு ஒரு கை எறால் போட வுட்டிருந்தீங்கன்னா, எம் பொண்டாட்டி வாயத் தொறந்திருப்பா அத்தை.'

நீங்களே சொல்லுங்கள். அது எப்போதோ நடந்தது. இது எப்போதோ நடந்தது. ஒரு கைப்பிடி இறாலுக்கும் ஒரு சாவுக்கும் என்ன சம்பந்தம்? துக்கத்தில் பேசுகிறார் என்று விட்டுவிட்டேன். ஆனால் கிளியம்மாகூட ஒரு வார்த்தை எனக்காகப் பேசவில்லை. அவ்வளவு பேசுகிறவள், அன்றைக்குப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள். காரியம் முடிந்ததும் மாப்பிள்ளை குழந்தையைத் தூக்கிக்கொண்டு திண்டிவனம் போய்விட்டார். அவர் அக்காள்தான் சமைத்துப் போடுகிறாள். மறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதையும் சொல்ல வேண்டும் இல்லையா, சொல்லிவிட்டேன்.

நான் வருஷத்துக்கு ஒரு தரம் போவேன். வர வேண்டாம் என்று அவர் சொன்னதில்லை. உட்கார வைத்துச் சோறு போடுவார். குழந்தையை மட்டும் இந்தப் பக்கம் அனுப்ப மாட்டார்.

போன தரம் போனபோது கோகிலாவும் நானும் வாசலில் தனியாக இருந்தோம். பெரிய அலுமினிய அண்டா ஒன்று தண்ணீரோடு இருந்தது. அதில் புளியங்கொட்டைகளைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு எடு பார்க்கலாம் என்றேன். விளையாட்டுத்தான். என்ன கை தெரியுமா அம்மா அது! ஒரு கொட்டை தப்பவில்லை. அசல் அவள் அம்மா கை. சிரிக்கிறாள், இன்னும் போடு ஆயா என்கிறாள். பறி இல்லையே, ஒரு துண்டின் முனையைக் கடித்துக்கொள்ளச் சொன்னேன். பல் வரிசை அழகாக இருந்தது. அவளையும் என் பக்கத்தில் வைத்துத் தடவக் கற்றுக்கொடுத்துவிட்டால் என் காலம் நல்லபடியாக முடியும் என்று நினைத்தேன்.

அண்டாவின் உள் விளிம்பில் எங்கேயோ தகடு பிசிறியிருந்தது போல. விரலில் லேசாகக் கீறிவிட்டது. ரத்தம்கூட வரவில்லை. துண்டைத் துப்பிவிட்டு, 'அப்பா!' என்று ஒரு கத்தல். மில் ஓடுகிற சத்தத்தையும் தாண்டிய கத்தல். நெல் காயவைத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் ஓடி வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை உடம்பெல்லாம் உமியோடு ஓடி வந்தார். அவள் கையை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார், விரல் விரலாக அமுக்கிப் பார்த்தார். 'எங்க? எப்ப? என்னா பட்டுச்சு?' என்று கேட்டார். அவளும் மளமளவென்று பதில் சொல்கிறாள், பாடம் ஒப்பிக்கிற மாதிரி. கடைசியில் அவர், 'நல்லா கத்தினே கண்ணு' என்று தலையைத் தடவிக் கொடுத்தார்.

எனக்குத் தாங்கவில்லை. 'இந்தக் கீறலுக்கா இப்படிக் கத்துவாங்க?' என்றேன்.

குழந்தைதான் சொன்னாள். 'எது பட்டாலும் கத்தணும் ஆயா. அப்பா சொல்லியிருக்காரு. அம்மா கத்தலியாம்.'

மரியாதை இல்லாமல் சொல்லவில்லை. எனக்குத் தெரியாதே என்று, தெரிவிக்கிற மாதிரி சொன்னாள்.

சோறு போட்டார்கள். பாதியில் எழுந்துவிட்டேன். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டேன். தெருமுனை திரும்பும்போது மறுபடி அவள் சத்தம் கேட்டது. எறும்பு கடித்ததோ, முள்ளோ, யாருக்குத் தெரியும். பஸ் வந்து நின்றது. நான் ஏறவில்லை. அவர் ஓடி வருகிற சத்தம் கேட்கிறதா என்று அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். கேட்டது. அடுத்த பஸ் இருட்டுகிற நேரத்தில்தான் வந்தது.

என்ன சொன்னீர்கள்? போய்ப் பார்த்துச் சொல்கிறீர்களா? லீவுக்கு அனுப்பச் சொல்லவா என்கிறீர்களா?

இல்லை அம்மா, இருங்கள். அதைச் சொல்ல வேண்டாம். அவ்வளவு கத்துகிற பிள்ளை எங்கள் வேலைக்கு ஆக மாட்டாள். பறி பல்லில் நிற்காது. அவள் வந்தாலும் வரிசையில் வேறு இடம் கிடையாது. என் பக்கத்தில்தான் நிற்க வேண்டியிருக்கும்.

என் பக்கத்தில் வேண்டாம். அனுப்பச் சொல்லாதீர்கள்.